கல்லூரிக் கட்டுரையில் யாரும் வட்டமிடாத தவறுகள்

முதலாண்டு மாணவர்களின் கட்டுரைத் தாள்களில் சிவப்பு மை பெரும்பாலும் ஒற்றுக்கும் ல, ள, ழவுக்குமே செலவாகிறது. அவற்றைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. அவை கண்ணில் படுகிற பிழைகள். யாராவது சுட்டிக்காட்டுவார்கள், எழுத எழுதக் குறையும். சில பிழைகளை மட்டும் எவரும் வட்டமிடுவதில்லை. ஓரத்தில் ‘தெளிவில்லை’ என்று ஒரு சொல் விழும். எது தெளிவில்லை என்று எழுதியவருக்குப் புரியாது. அடுத்த கட்டுரையிலும் அதே இடத்தில் அதே பிழை வந்து நிற்கும்.

எச்சச் சங்கிலி

உ.வே.சாமிநாதையரின் பதிப்புப் பணி பற்றிய ஒரு கட்டுரை இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்:

“உ.வே.சா. 1855இல் சூரியமூலையில் பிறந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து, சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி பற்றிக் கேட்டு, ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்து, 1887இல் அந்நூல் பதிப்பிக்கப்பட்டு, பின்னர் பத்துப்பாட்டு, புறநானூறு முதலிய நூல்கள் வெளிவந்தது.”

ஆண்டுகள் சரி, பெயர்கள் சரி. உழைத்துப் படித்த ஒருவரின் வாக்கியம்தான். இருந்தும் மதிப்பெண் கிடைக்காது. படித்ததெல்லாம் வீணாவது இந்த ஒரு வழக்கத்தால்தான் என்பதாலேயே இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

கடைசி வினையைப் பாருங்கள்: ‘வெளிவந்தது’. எது வெளிவந்தது? நூல்கள். அப்படியென்றால் முதல் சொல்லாக வந்த உ.வே.சா.வுக்கு வினைமுற்றே இல்லை. இரண்டு முறை ‘கேட்டு’ வருகிறது; முதலில் கேட்டவர் உ.வே.சா., அடுத்துக் கேட்டவர் முதலியார். அதற்குப் பிறகு வரும் ‘அலைந்து’ யாருடையது? வாக்கியம் சொல்கிறபடி பார்த்தால், சுவடி தேடி அலைந்தவர் முதலியார் ஆகிவிடுகிறார். ‘பதிப்பிக்கப்பட்டு’ என்பதற்கு எழுவாய் நூல். ஆக, உ.வே.சா., முதலியார், அந்நூல், பிற நூல்கள் என்று நான்கு எழுவாய்கள் ஒரே முற்றுக்காகக் காத்திருக்கின்றன. அந்த முற்றும் ஒருமையில் நிற்கிறது.

‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின், அதாவது அதைச் செய்தவரின், வினையைக் கொண்டு முடியும் என்பது நன்னூல் விதி. ‘அவள் வந்து அமர்ந்தாள்’ என்றால் வந்தவளும் அமர்ந்தவளும் ஒருத்தியே. ‘மழை பெய்து நெல் விளைந்தது’ என்ற தொடரை எடுத்துக்காட்டி இதற்கு மறுப்புச் சொல்வார்கள். அங்கே ‘பெய்ய’ என்பது ‘பெய்து’ எனத் திரிந்து நிற்கிறது என்று இலக்கணம் அமைதி கூறுகிறது. மழைக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் அந்தத் தொடர் குழப்பவில்லை. உங்கள் கட்டுரையில் வரும் செய்திகளின் உறவு படிப்பவருக்கு முன்பே தெரிந்திருக்காது. அதைச் சொல்வதற்குத்தான் கட்டுரையே.

இலக்கணப் பிழையைவிடப் பெரிய இழப்பு இங்கேதான் நேர்கிறது. ‘செய்து’ பெரும்பாலும் வரிசையைத்தான் காட்டும்: இது நடந்தது, அடுத்து அது நடந்தது. இந்த வாக்கியத்தில் முதலியாரின் கேள்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அது பிறந்த ஊருக்கும் சேர்ந்த வேலைக்கும் சமமாக, இன்னொரு ‘து’வாக, கூட்டத்தில் கரைந்துவிட்டது. திருத்தி எழுதினால்:

“1855இல் சூரியமூலையில் பிறந்த உ.வே.சா., மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று சேலம் இராமசாமி முதலியார் கேட்க, அதுவரை அந்நூலைப் படித்திராத உ.வே.சா. அதன் சுவடிகளைத் தேடத் தொடங்கினார். 1887இல் அதைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டு, புறநானூறு முதலிய நூல்கள் அதன் பின்னர் வெளிவந்தன.”

தகவல் ஒன்றும் குறையவில்லை. ஐந்து வாக்கியங்கள். ஆள் மாறும் இடத்தில் மட்டும் ‘கேட்டு’, ‘கேட்க’ ஆகியிருக்கிறது. ‘கேட்க’, ‘பெய்ய’ போன்ற ‘செய’ வாய்பாட்டு எச்சம் வேறு எழுவாயின் வினையையும் ஏற்கும்.

இந்தச் சங்கிலி உருவாவதற்குக் காரணம் உண்டு. குறிப்பேட்டில் வரிசையாக இருக்கும் செய்திகளைக் காற்புள்ளி போட்டுக் கோத்துவிடுகிறோம். வினை கடைசியில் வருகிற மொழி என்பதால், அங்கே போய்ச் சேர்வதற்குள் எழுவாய் மறந்துபோகிறது. சிறிய வாக்கியம் சின்னப் பிள்ளைத்தனம் என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. அந்த அச்சம் தேவையில்லாதது.

எழுதி முடித்தபின் சரிபார்க்கும் முறை இது. ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசி வினையை முதலில் அடிக்கோடிடுங்கள். ‘யார்?’ அல்லது ‘எது?’ என்று கேட்டு எழுவாயைக் கண்டுபிடியுங்கள். பிறகு பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். ஒவ்வோர் எச்சத்தின் மேலும் விரலை வைத்து ‘இதைச் செய்ததும் அவர்தானா?’ என்று கேளுங்கள். ‘இல்லை’ என்ற பதில் வரும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள், அல்லது எச்சத்தை மாற்றுங்கள். காரணம் என்றால் ‘செய்ததால்’, நோக்கம் என்றால் ‘செய்வதற்காக’, எதிர்பார்த்ததற்கு மாறாக நடந்தது என்றால் ‘செய்தபோதிலும்’, நேரம் என்றால் ‘செய்ததும்’ அல்லது ‘செய்தபின்’. ஒரு வாக்கியத்தில் மூன்று எச்சங்களுக்கு மேல் போனால், ஆள் மாறாவிட்டாலும் வெட்டிவிடுவது நல்லது. பழைய கட்டுரை ஒன்றை எடுத்து ஒரு பக்கத்துக்கு மட்டும் இதைச் செய்து பாருங்கள். முதல் தடவை அரை மணி நேரமாவது பிடிக்கும். பழகிவிட்டால் எழுதும்போதே கை நிற்கும்.

ஒப்பிடுக என்றால் ஒப்பிட வேண்டும்

சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் ஒப்பிடுக என்ற வினாவுக்கு ஒரு பக்கம் அந்தக் கதை, ஒரு பக்கம் இந்தக் கதை என்று எழுதி, கடைசியில் ‘இவ்வாறு இரண்டும் சிறந்து விளங்குகின்றன’ என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. அது இரண்டு சுருக்கங்கள். ஒப்பீட்டுக்கு அடிப்படை வேண்டும்: தலைவி, சமயம், அமைப்பு என்று மூன்றைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு நூல்களையும் கொண்டுவர வேண்டும். அமைப்பை எடுத்துக்கொண்டால், இரண்டுமே 30 காதைகள். ஆனால் சிலம்பு புகார், மதுரை, வஞ்சி என்று மூன்று காண்டங்களாகப் பிரிகிறது. நிலம் மாறும்போது காண்டமும் மாறுகிறது. மணிமேகலைக்கு அந்தப் பிரிவு இல்லை. ‘ஏன்?’ என்று கேட்டுப் பதில் தேடினால் பத்தி தானாக வளரும்.

எழுதத் தொடங்குமுன் வினாவின் கடைசிச் சொல்லை அடிக்கோடிடுங்கள். விளக்குக, ஒப்பிடுக, மதிப்பிடுக ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைகள்.

முன்னுரை

‘மனிதன் தோன்றிய காலம் முதல்’ என்று தொடங்காதீர்கள். முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். பல கட்டுரைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

ஆளை மறைக்கும் ‘படு’

‘தொகுக்கப்பட்டது’, ‘கருதப்படுகிறது’, ‘கூறப்படுகிறது’. யார் தொகுத்தார், யார் கருதுகிறார்? தெரிந்தால் பெயரைச் சொல்லி வினையைச் செய்வினையாக்குங்கள். செய்தவர் யாரென்று உண்மையிலேயே தெரியாத இடத்தில் மட்டும் ‘படு’ இருக்கட்டும்.

அடை நிற்கும் இடம்

‘பழைய ஆசிரியரின் உரை’ என்றால் ஆசிரியர் பழையவரா, உரை பழையதா? உரைதான் என்றால் ‘ஆசிரியரின் பழைய உரை’. அடையை அது விளக்கும் சொல்லுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

மேற்கோள்

நான்கு அடிகளைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குத் தாவுவது ஆதாரம் ஆகாது. அந்த அடிகளில் எந்தச் சொல் உங்கள் கருத்தைத் தாங்குகிறது என்று குறைந்தது இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள். சொல்வதற்கு ஒன்றும் இல்லையென்றால் மேற்கோளை எடுத்துவிடுங்கள்.

மேலும்

மூன்று பத்திகள் ‘மேலும்’ என்று தொடங்கினால் அவற்றின் வரிசையை யோசிக்கவில்லை என்று பொருள்.

அன்று, அல்ல

இது கதை அன்று. இவை கதைகள் அல்ல.

முயற்சித்தார்

முயன்றார்.

நினைவுகூறுதல்

நினைவுகூர்தல்.

ஒற்று

பொருள் மாறும் இடத்தை மட்டுமாவது தவறவிடாதீர்கள். ‘வேலை கொடுத்தார்’ என்றால் பணி. ‘வேலைக் கொடுத்தார்’ என்றால் கையில் வேல்.