பாறை எப்போது ஆறியது? ஒரே தேதியை நம்பாதீர்கள்

உருமாறிய பாறையின் வயது என்ன என்று யாராவது கேட்டால், எந்தக் கனிமத்தின் வயது என்று திருப்பிக் கேளுங்கள். ஒரே கல்லில் சிர்கான் ஒரு தேதி சொல்லும், ஹார்ன்பிளெண்ட் அதைவிடக் குறைவாக, பயோட்டைட் இன்னும் குறைவாகச் சொல்லும், மூன்றுமே சரியாக இருக்கலாம். பொட்டாசியம் சிதைந்து உருவாகும் ஆர்கான், சூடு அதிகமிருக்கும்வரை கனிமத்திலிருந்து கசிந்துகொண்டே இருக்கும், ஆறிய பிறகுதான் உள்ளே தங்கும். ஆர்கான் தங்கத் தொடங்கும் அந்த வெப்பநிலைதான் மூடுவெப்பநிலை, அதற்கு 1973-இல் டாட்சன் என்ற ஆய்வாளர் சூத்திரம் தந்தார்.

கொழிஞ்சாம்பாறை, வாளையாறு பக்கம் இருப்பவர்கள் இந்த வயதுக் கணிப்பைப் பழக வெகுதூரம் போக வேண்டாம். பாலக்காடு–காவிரி வெட்டு மண்டலத்தை (பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டையை), சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடல் சுருங்கி மூடிக்கொண்ட இடத்தின் தழும்பு என்றே பல ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். குவாரியில் புதிதாக உடைத்த முகப்பில் கல் எடுங்கள். பயோட்டைட் பச்சையாக மாறியிருந்தால் அது குளோரைட், பொட்டாசியம் போய்விட்டது, விட்டுவிடுங்கள்.

அப்புறம் தின் செக்‌ஷன், அதாவது ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிதாகத் தேய்த்த பாறைச் சீவல். இதைத் தவிர்த்துவிட்டு நேரே ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் பணத்தை வீணாக்கும் வழி. எந்தக் கனிமம் உச்ச வெப்பத்தில் வளர்ந்தது, எது பின்னால் வந்தது என்று நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும்.

ஆர்கானுக்கான மூடுவெப்பநிலை: ஹார்ன்பிளெண்ட் ஏறக்குறைய 500–550 டிகிரி செல்சியஸ், மஸ்கோவைட் 400-ஐ ஒட்டி, பயோட்டைட் 300. கடைசிக் கட்டத்துக்கு அபடைட்டின் பிளவுத்தடம் (யுரேனியம் அணு பிளந்து கனிமத்தில் விட்ட தடம்), சுமார் 110. மணியின் அளவும் ஆறும் வேகமும் மாறினால் இவையும் நகரும். உதாரணமாக, ஹார்ன்பிளெண்ட் 52 கோடி, பயோட்டைட் 47 கோடி ஆண்டு காட்டினால், ஹார்ன்பிளெண்டுக்கு 530 டிகிரி என்று வைத்தால், 5 கோடி ஆண்டில் 230 டிகிரி இறங்கியிருக்கிறது, அதாவது பத்து லட்சம் ஆண்டுக்கு 4.6 டிகிரி.

ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் அமிழ்வு மண்டலத்தின் பாறை என்றால் இந்த எளிய கணக்கு காலை வாரிவிடும். அங்கே அழுத்தம் அதிகம், சூடு ஒப்பளவில் குறைவு, வெளியேற வழியில்லாத பழைய ஆர்கான், மஸ்கோவைட் வகை மைக்காவான ஃபெங்கைட்டில் சேர்ந்து வயதைக் கூட்டிவிடும். இத்தாலிய ஆல்ப்ஸின் டோரா மைரா பகுதியில் ஃபெங்கைட் சுமார் 10 கோடி ஆண்டு காட்டியது, சிர்கானோ 3.5 கோடிதான் என்றது. ஆழத்தில் உருமாறுவதற்கு முன்பே பாறை ஆறிவிடுமா? அதனால் ஃபெங்கைட் தேதியைத் தனியாக எழுதாதீர்கள். உச்சத்தில் வளர்ந்த சிர்கான் விளிம்பையோ கார்னெட்டை லுட்டீசியம்–ஹாஃப்னியம் சிதைவு முறையில் அளந்த வயதையோ பக்கத்தில் வையுங்கள், ஃபெங்கைட் அதைவிட மூத்ததாக வந்தால் வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டு ருபிடியம்–ஸ்ட்ரான்சியம் முறையில் மறுபடி அளந்து பாருங்கள்.