ஊருக்குப் போற நேரம் ஞானப்பல்லுப் பிடுங்கிறதெண்டால்

லீவுக்கு ரிக்கற் போட்ட உடன எங்கட ஆக்கள் கனபேர் போடுற கணக்கு ஒண்டிருக்கு, இஞ்ச இன்சூரன்ஸ் இல்லாமல் ஞானப்பல்லுப் பிடுங்கப் போனால் காசைக் கறந்துபோடுவாங்கள், யாழ்ப்பாணத்தில பிடுங்கிப்போட்டு வருவம் எண்டு. நானும் அப்பிடித்தான் ரொறன்ரோவில இருந்து போனன். கணக்குப் பிழையில்லை, நான் நாள் பார்த்ததுதான் பிழை. கலியாண வீடு, நல்லூர்த் தேர், மாமி வீடு, சித்தி வீடு எல்லாம் முடிச்சுக் கடைசிக் கிழமைக்குப் பல்லைத் தள்ளி வைச்சன். பிடுங்கி நாலாம் நாள் பிளேன். டோஹாவில அடுத்த பிளேனுக்குக் காத்திருக்கேக்க தாடையில தொடங்கிக் காது வரைக்கும் இழுத்து ஒரு உளைவு பாருங்கோ, பனடோலுக்கு அசையவே இல்லை.

அதுக்குப் பேர் ட்ரை சொக்கெற். பிடுங்கின குழியில இரத்தம் கட்டியா உறைஞ்சு எலும்பை மூடி நிக்கோணும், அது கழண்டு போனால் எலும்பு வெளியில தெரியும், அதாலதான் அந்த உளைவு. பெரும்பாலும் கீழ்ப் பல்லிலதான் வரும், பிடுங்கின அண்டைக்கில்லை, இரண்டாம் நாளில இருந்து அஞ்சாம் நாளுக்குள்ள, அதாவது நீங்கள் சூட்கேஸ் நிறுக்கிற நேரம். வந்திறங்கி இஞ்ச ஒரு டொக்டர் குழியைக் கழுவி ஒரு மருந்துத் திரி வைச்சார், கராம்பு வாசம் மூக்கில அடிச்சுது, கொஞ்ச நேரத்தில நோ விட்டுப்போச்சு. கராம்பில இருக்கிற யூஜினோல்தான் அதிலயும் இருக்காம். அதுக்காக அம்மம்மா சொல்லுறா எண்டு கராம்பு எண்ணெயைப் பஞ்சில தோய்ச்சுப் புதுக் குழிக்குள்ள நீங்களா வைக்காதேங்கோ, முரசு வெந்துபோகும். டிஸ்பிரினை முரசில வைக்கிறதும் அப்பிடித்தான்.

ஆனபடியால் பல்லை முதல் கிழமையில முடியுங்கோ, பிளேனுக்கு ஒரு பத்து நாளாவது மிச்சம் இருக்கட்டும். மேல் ஞானப்பல்லெண்டால் சைனஸ் அறைக்குக் கிட்ட வேர் இருக்கும், சிலருக்குப் பிடுங்கேக்க அதில ஓட்டை விழும், அப்பிடியெண்டால் மூக்குச் சீறவும் கூடாது, எப்ப பறக்கலாம் எண்டு டொக்டரிட்டயே கேக்கோணும்.

வெளிக்கிட முதல் முழுத் தாடை எக்ஸ்ரே ஒண்டு எடுத்துப் போனில போட்டுக்கொண்டு போங்கோ. கீழ்ப் பல்லின்ர வேர் உதட்டுக்குப் போற நரம்போட ஒட்டி நிண்டால், நாளைக்கு வெளிக்கிடுறன் இண்டைக்குப் பிடுங்குங்கோ எண்டு அவசரப்படுத்துற பல்லில்லை அது, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரைச் சனல் பண்ணி, அதாவது தனியாரில நேரம் புக் பண்ணிக் காட்டுங்கோ. அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லை, ஆனா கிளினிக் நாள், வரிசை எல்லாம் இருக்கு. அதே நிபுணர்மார் பின்னேரத்தில தனியாரில பார்ப்பினம். பல்லு ஒரு கரைச்சலும் தரேல்லையெண்டால் விட்டிடுங்கோ. லண்டன் ஆக்களுக்குத் தெரியும், 2000ஆம் ஆண்டில இருந்தே அங்க சும்மா இருக்கிற ஞானப்பல்லைப் பிடுங்கச் சொல்லுறேல்ல.

அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போறவைக்கு ஒண்டு. இரத்தம் மெல்லிசாக்கிற குளிசை, சீனி வருத்தம், எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கொருக்காப் போடுற குளிசை, ஆறு மாசத்துக்கொருக்கா அடிக்கிற ஊசி, பெனிசிலின் ஒவ்வாமை, எல்லாத்தையும் கதிரையில ஏற முதலே சொல்லுங்கோ. அந்த எலும்புக் குளிசையும் ஊசியும் போடுறவைக்குப் பல்லுப் பிடுங்கின இடம் ஆறாமல் தாடை எலும்பே பழுதாகிறது இருக்கு. இது "அது பரவாயில்லை" எண்டு மறைக்கிற சாமானில்லை.

கதிரையில நோகாது, விறைப்பூசி வடிவா வேலை செய்யும். சத்தம்தான் பயம். பல்லைத் துண்டாக்கேக்க மண்டைக்குள்ள யாரோ பனங்கொட்டை உடைக்கிற மாதிரிக் கேக்கும், நேர்ஸ் தாடையைத் தாங்கிப் பிடிச்சுக்கொண்டு நிப்பா. முடிய ஒரு அரை மணித்தியாலம் பஞ்சை இறுக்கிக் கடியுங்கோ, எடுத்தெடுத்துப் பாக்காதேங்கோ.

விறைப்பு விட முதலே முதல் டோஸைப் போடுறதுதான் கெட்டித்தனம், நோ ஏறினாப் பிறகு இறக்கிறது கஷ்டம். பனடோல் 500 எண்டால் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கொருக்கா, நாளுக்கு எட்டுக்கு மேல போகக் கூடாது. வயித்துப்புண், கிட்னிக் கரைச்சல் இல்லாதவைக்கு அதோட இபுபுறூபனும் சேர்த்துக் குடுப்பினம். ஆனா மார்கழி லீவில போறவை இதைக் கவனிக்கோணும்: அது மழைக்காலம், வடக்கில டெங்கு கூடுற நேரம். காய்ச்சல் காய்ஞ்சால் இபுபுறூபன், டைக்குளோபினாக், டிஸ்பிரின் ஒண்டும் தொடாதேங்கோ, டெங்குவில அது இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். பனடோல் மட்டும் போட்டுக்கொண்டு இரத்தம் செக் பண்ண ஓடுங்கோ, பல்லுக் காய்ச்சலா இருக்கும் எண்டு வீட்டில இருக்காதேங்கோ. காய்ச்சலோட பல்லுப் பிடுங்கவும் போகாதேங்கோ. மெற்றொனிடசோல் எண்ட கிருமிக்கொல்லிக் குளிசை எழுதித் தந்தால் அதோட மதுபானம் குடிக்கக் கூடாது, மச்சானுக்கு டியூட்டி ஃப்ரீயில வாங்கின போத்தல் மச்சானுக்கே இருக்கட்டும்.

முதல் நாள் கன்னத்தில ஐஸ் ஒத்துங்கோ. வீக்கம் இரண்டாம் மூண்டாம் நாள்தான் உச்சம், கண்ணாடியைப் பார்த்துப் பயப்பிடாதேங்கோ. 24 மணித்தியாலம் கொப்பளிக்கிறதும் இல்லை, துப்புறதும் இல்லை. அதுக்குப் பிறகு இளஞ்சூட்டு உப்புத்தண்ணியை வாயில வைச்சிருந்து மெதுவா விழ விடுங்கோ. சிகரெட் கண்ணிலயும் காட்டக் கூடாது.

சாப்பாட்டிலதான் சொந்தக்காரர் விடமாட்டினம். இளநீர் வெட்டித் தந்தால் ஸ்ட்ரோ போடாமல் கிளாசில ஊத்திக் குடியுங்கோ, உறிஞ்சினால் குழியில உறைஞ்ச இரத்தக் கட்டி கழண்டுவரும். நல்லூரடியில ஐஸ்கிரீம் தாராளமா, கரண்டியால, கச்சான் தூவாமல். ஆறின சொதியில ஊறவைச்ச இடியப்பம் அருமையா இறங்கும். ஒடியல் கூழ் மட்டும் வேண்டாம், சூடும் உறைப்பும் ஒருபக்கம், நண்டுக் கோது குழிக்குள்ள போனால் பிறகு கதையே வேற.

விழுங்க ஏலாமல் வந்தால், வீக்கம் கழுத்துக்கு இறங்கினால், பஞ்சு கடிச்சும் இரத்தம் நிக்காட்டி நேரங்காலம் பாக்காமல் போதனா வைத்தியசாலைக்குப் போங்கோ. மற்றபடி தையல் கரையிற நூலா, வெட்டுற நூலா எண்டு கேட்டு வையுங்கோ, வெட்டுறதெண்டால் ஒரு கிழமையில போகோணும், நான் கேக்காமல் வந்து ஸ்காபரோவில அதுக்கும் தனியாக் காசு கட்டினன்.