பிடிக்காதவனைக் கேட்டு வாங்காதே: டிவி குத்துச்சண்டைக்குப் போகிற தம்பிகளுக்கு

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில், எங்கள் பயிற்சிக்கூடத்தில், கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த தம்பி ஒருவன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். டிவி போட்டி ஒன்றுக்குத் தேர்வாகியிருக்கிறான். 16 பேர், தோற்றவன் வீட்டுக்கு. திரையில் வேறொரு பையன் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தான்.

"இவன்தான் மாஸ்டர். எதிராளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னா இவனைத்தான் கேட்பேன்."

ஏன் என்றேன்.

"என் வீடியோவுக்குக் கீழே சிரிச்சு வச்சிருக்கான்."

எனக்கு இடது புருவம் அரித்தது. அங்கே ஒரு பழைய தையல் இருக்கிறது. அந்தத் தையலும் ஒரு சிரிப்பால் வந்ததுதான். சரி, டிவி போட்டிக்குப் போகிறவர்கள் செய்கிற தப்புகளை ஒவ்வொன்றாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கையை இறக்காதே, மூச்சை அடக்காதே, பல்காப்பை மறக்காதே என்பதெல்லாம் இதில் வராது. அதை உங்கள் மாஸ்டர் தினமும் கத்துகிறார்.

வெட்டி ஒட்டிய சண்டையைப் பார்த்துச் சண்டை கற்பது

2005இல் அமெரிக்காவில் 'தி கன்டெண்டர்' என்ற டிவி குத்துச்சண்டைப் போட்டி வந்தது. நடத்தியவர்கள் நடிகர் சில்வஸ்டர் ஸ்டாலோன், பழைய உலகச் சாம்பியன் சுகர் ரே லெனார்ட். மிடில்வெயிட் எடைப்பிரிவில் 16 வீரர்கள், ஜெயிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர். எங்கள் செட் முழுக்க அதைப் பார்த்துத்தான் பைத்தியம் பிடித்து அலைந்தது. ஆனால் அதில் நாம் பார்த்த ஐந்து ரவுண்டு சண்டைகள் வெட்டி, ஒட்டி, இசையும் குத்துச் சத்தமும் சேர்த்தவை. இறுதிச் சண்டைதான் நேரலையில் போனது.

வெட்டுகிற மேசையில் முதலில் தூக்கி எறியப்படுவது ஜாப், அதாவது முன்னால் இருக்கிற கையால் நேராக விடுகிற சின்னக் குத்து. அது பார்க்க அழகில்லை. சும்மா தொட்டுவிட்டு வருகிற கை. அதனால் டிவி பார்த்து வளர்ந்த பையன் ஜாப் இல்லாமலேயே வலது கையை வீசிக்கொண்டு வருகிறான். ரிங் ஓரத்தில் நடுவர்கள் மூன்று பேர் வெட்டாத சண்டையைப் பார்த்து ரவுண்டுக்கு 10-9 போட்டுக்கொண்டிருக்கிறார்கள், ரவுண்டை எடுத்தவனுக்குப் பத்து, விட்டவனுக்கு ஒன்பது. அவர்கள் காதில் இசை எதுவும் விழுவதில்லை.

கோபம் வந்தவனைக் கேட்டு வாங்குவது

இதைத்தான் சொல்ல வந்தேன். இன்னும் எரிகிறது.

எனக்கு 24 வயது இருக்கும்போது இங்கே ஒரு சின்ன டிவி போட்டிக்குப் போனேன். பெயர் வேண்டாம். நகரத்துக்கு வெளியே ஒரு கிடங்கைப் படப்பிடிப்புக் கூடமாக மாற்றியிருந்தார்கள். இரண்டு அணி. வாரா வாரம் டயர் இழுப்பது, மணல்மூட்டை தூக்கி ஓடுவது என்று ஏதாவது பந்தயம். ஜெயித்த அணி தன்னில் ஒருவனையும் எதிரணியில் ஒருவனையும் சொல்லி மோதவிடலாம். கன்டெண்டரில் இருந்த அதே ஏற்பாடு.

மொத்தப் போட்டியும் அந்தத் தேர்வில்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போது புரியவில்லை. வழக்கமான போட்டியில் சீட்டு எடுப்பார்கள், வந்தவனோடு மோத வேண்டியதுதான். இங்கே உன் கையில் சீட்டைக் கொடுத்து, நீயே எழுது என்கிறார்கள். அதில் போய் நான் ஒரு சிரிப்பை எழுதினேன்.

எடை பார்த்த அன்று நடந்தது. தராசில் ஏறினேன். 200 கிராம் கூடுதல். உள்ளாடையையும் கழற்றச் சொன்னார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகத் துண்டைப் பிடித்து மறைத்தார்கள். முள் சரியான இடத்துக்கு வருகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு நிமிர்கிறேன், துண்டுக்கு மேலே எதிரணியில் ஒருத்தன் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறான். ஈப்போக்காரன். என்னைவிட ஒரு தலை உயரம். இடதுகைக்காரன்.

அந்த வாரம் எங்கள் அணி ஜெயித்தது. என் முறை. மாஸ்டர் முந்தின இரவே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "அந்தக் குட்டைப் பையனைக் கேளு. முன்னால வந்து வந்து அடிக்கிறவன், உனக்குத் தோதான ஆளு." கேமரா எதிரே வந்து நின்றது. நான் ஈப்போக்காரன் பெயரைச் சொன்னேன். கூடம் முழுக்க 'ஓ' என்றது. கேமராவுக்குப் பின்னால் நின்றவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பெரிதாக எதையோ சாதித்த மாதிரி இருந்தது எனக்கு.

இடதுகைக்காரனோடு மோதினால் என்ன ஆகும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீ இடது காலை முன்வைத்து நிற்கிறாய், அவன் வலது காலை முன்வைத்து நிற்கிறான். இரண்டு முன்கால்களும் எதிரெதிரே வந்துவிடும். யார் முன்கால் வெளிப்பக்கம் இருக்கிறதோ அவனுடைய பின்னால் இருக்கிற கைக்கு வழி திறக்கும். அதனால் நீ உன் இடது பக்கமாக நகர வேண்டும், அவனுடைய இடது கையை விட்டு விலகி. நான் அதுவரை மோதியவர்கள் எல்லோரும் வலதுகைக்காரர்கள். அவர்களுடைய வலது கைக்குத் தப்ப வலப்பக்கமாகவே நகர்ந்து பழகிய கால். கால் மூளையைக் கேட்காது. ஒவ்வொரு முறையும் நானே நடந்து போய் அவன் இடது கையில் முகத்தைக் கொடுத்தேன். அவன் பாட்டுக்கு என் இடது காலுக்கு வெளியே தன் வலது காலை வைத்து, சில நேரம் என் விரல்கள் மேலேயே வைத்து, நேராக ஒன்று விட்டுக்கொண்டிருந்தான்.

முதல் ரவுண்டு முடிந்து முக்காலியில் உட்கார்ந்தேன். மாஸ்டர் வாயிலிருந்து பல்காப்பை உருவிக்கொண்டே, "இடது பக்கம் போடா" என்றார். "போறேன் மாஸ்டர்." எழுந்து போய் வலது பக்கம் நகர்ந்தேன். இரண்டாவது இடைவேளையிலும் அதே பேச்சு. மூன்றாவதில் அவர் பேசவில்லை. புருவத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். முன்கால்கள் எதிரெதிரே இருக்கும்போது தலைகளும் மோதும், அதில் பிளந்தது. ஆறு தையல். ஐந்து ரவுண்டில் ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள், 49-46. அந்த ஒன்றும் இரக்கப்பட்டுக் கொடுத்ததோ என்னவோ.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பல வருடம் கழித்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் அதே ஆளைப் பார்த்தேன். கொஞ்சம் தொப்பை, இரண்டு பிள்ளைகள். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே கேட்டேவிட்டேன், அன்றைக்கு ஏன் சிரித்தாய் என்று. கொஞ்ச நேரம் யோசித்தான்.

"உன்னைப் பார்த்தா? துண்டு பிடிச்சிருந்தாரே ஒருத்தர், அவரைப் பார்த்துல்ல சிரிச்சேன். பேயைப் பார்த்த மாதிரி கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நின்னாரு."

ஒளிபரப்பில் அந்தச் சிரிப்பை மூன்று தடவை காட்டினார்கள். பகை என்று நாம் நினைப்பதில் பாதி இப்படித்தான் கிடைக்கிறது. பகை இருந்தால் பார்ப்பார்கள், அதனால் கிடைத்த இடத்தில் எல்லாம் பகையைத் தைக்கிறார்கள். அவர்கள் தொழில் அது. நம் தொழில் அதை நம்பாமல் இருப்பது.

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? முதலில் நடை: அவன் முன்னால் வருகிறவனா, பின்வாங்கி அடிக்கிறவனா, உன் கைக்கு எட்டுவானா. அப்புறம் மூச்சு. ஐந்து ரவுண்டு என்பது சின்னச் சண்டை. பத்து ரவுண்டில் ஆறாவதுக்கு மேல் சூடுபிடிக்கிற ஆள் இங்கே சூடு பிடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மெதுவாக ஆரம்பிக்கிறவன் எவ்வளவு பெரிய ஆளானாலும் இந்த நீளத்தில் பயப்பட வேண்டாம். அப்புறம் காயம், தூக்கம், சாப்பாடு. கடைசியாக, யாரை விட்டுவைப்பது. கனமாக அடிக்கிற இருவர் இருந்தால் அவர்களைத் தொடாதே. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், மிச்சம் வருகிறவன் நொண்டிக்கொண்டுதான் வருவான்.

கன்டெண்டர் முதல் பருவத்தில் முதல் வாரமே அல்ஃபோன்சோ கோமெஸ் கேட்டது பீட்டர் மேன்ஃப்ரெடோவை. தோல்வியே காணாதவர், இவர்தான் ஜெயிப்பார் என்று பலரும் சொன்ன ஆள். பார்க்கிறவர்களுக்கு அது வீரம். நான் பார்த்தது கணக்கு. பெரிய ஆளை முதல் நாளிலேயே, அந்த இடமும் சாப்பாடும் கேமராவும் பழகுவதற்குள் பிடித்துவிடுவது. கோமெஸ் புள்ளியில் ஜெயித்தார். அதில் கோபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை நாம் ஜெயித்த ஆளிடம் அதே திட்டத்தோடு மறுபடி போவது

அந்தக் கதை அங்கே நிற்கவில்லை. ஜெஃப் ஃபிரேசா என்பவருக்கு அம்மை போட்டு விலக, அந்த இடத்துக்கு மேன்ஃப்ரெடோ திரும்பி வந்தார். அரையிறுதியில் மறுபடி கோமெஸ். இந்தத் தடவை மேன்ஃப்ரெடோ ஜெயித்தார். தோற்றவன் அந்த ஐந்து ரவுண்டையும் தலைக்குள் நூறு தடவை ஓட்டியிருப்பான், ஜெயித்தவன் தூங்கியிருப்பான். இறுதிச் சண்டையில் மேன்ஃப்ரெடோவை செர்ஜியோ மோரா வென்றார். பிடிபடாமல் வழுக்கிக்கொண்டே இருக்கிற ஆள். பகையும் பழிவாங்கலும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, காசை வாங்கிக்கொண்டு போனவர் அவர்.

பட்டப்பெயர்

முதலில் ஒரு சண்டை ஜெயி.

சேர்ந்து தங்குகிற வீட்டில் சரக்கையெல்லாம் காட்டுவது

இன்றைக்குப் பயிற்சித் துணை, அடுத்த வாரம் எதிராளி. ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், உன் நல்ல அடியைக் காட்டாதே, அதற்குக் கூட்டிப்போகிற வழியையும் காட்டாதே. என் மாணவன் ஒருவன் விலா எலும்புக்குக் கீழே வளைத்து விடுகிற இடது ஹூக்கை எல்லோரிடமும் போட்டுக் காட்டிப் பாராட்டு வாங்கிக்கொண்டு வந்தான். சண்டையன்று எதிராளியின் வலது முழங்கை முதல் மணியிலிருந்து விலாவை விட்டு நகரவே இல்லை. பயிற்சியில் சும்மா ஜாப் போடு, காலைப் பழக்கு, மற்றவர்களைப் பார். களைத்தபின் யார் எந்தக் கையை இறக்குகிறார்கள் என்று இரவில் ஒரு நோட்டில் எழுதிவை. நோட்டைத் தலையணைக்குக் கீழே வைக்காதே, அங்கேயும் கேமரா இருக்கும்.

மாலையில் பழகிவிட்டுக் காலையில் சண்டைக்குப் போவது

டிவி எப்போது கேட்கிறதோ அப்போதுதான் சண்டை. நம் ஊருக்கு இது புதிதல்ல. 1975 ஜூலை 1 அன்று மெர்டேக்கா ஸ்டேடியத்தில் முகமது அலியும் ஜோ பக்னரும் மோதியது காலை வெயிலில். அமெரிக்காவில் அப்போது முந்தின நாள் இரவு, டிவி பார்க்கிற நேரம். 15 ரவுண்டும் போய் அலி புள்ளியில் ஜெயித்தார். என் பெரியப்பா அதைப் பார்க்கப் போனவர். சண்டையைப் பற்றிக் கேட்டால் சிமெண்டுப் படி சுட்டதைப் பற்றித்தான் அதிகம் சொல்வார். 2018 ஜூலை 15இல் புக்கிட் ஜாலில் ஆக்சியாத்தா அரங்கில் பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியாவ் லூக்காஸ் மாத்தீசேயை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தியதும் இங்கே ஞாயிறு பகல். அமெரிக்காவில் சனி இரவு.

இங்கே பெரும்பாலான பையன்கள் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குத்தான் கூடத்துக்கு வருகிறார்கள். உடம்பு எட்டு மணிக்கு விழித்துப் பழகியிருக்கும். படப்பிடிப்பு காலை பத்து மணிக்கு என்றால் முதல் ரவுண்டு முழுக்கத் தூக்கத்தில் நிற்பான். சண்டைக்கு மூன்று வாரம் முன்பிருந்து அதே மணிக்குப் பயிற்சி செய். முதலாளியிடம் லீவு கேள், கெஞ்சு. விளக்குச் சூட்டையும் கணக்கில் வை, படப்பிடிப்பு விளக்குக்குக் கீழே ரிங் துணி அடுப்பு மாதிரி இருக்கும்.

முய் தாய் நிற்பில் குத்துச்சண்டை போடுவது

கோலாலம்பூரில் முய் தாய், அதாவது உதையும் சேர்ந்த தாய்லாந்துச் சண்டை, கற்றுத்தருகிற கூடங்கள் நிறைய. சிங்கப்பூரில் எடுத்து 2008இல் வந்த 'கன்டெண்டர் ஏசியா'வும் முய் தாய்தான், தாய்லாந்து வீரர் யோட்சன்கிளாய் ஜெயித்தது. அங்கே உதை வரும், அதைத் தடுக்கக் காலைத் தூக்க வேண்டும், அதனால் நிமிர்ந்து, முன்காலில் பாரம் இல்லாமல் நிற்பார்கள். இங்கே உதை வராது. அப்படி நின்றால் வயிறு முழுக்கத் திறந்து கிடக்கும்.

எடை

போட்டி நடக்கிற அத்தனை வாரமும் அந்த எடையிலேயே இரு. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங், அவ்வளவுதான்.

மிச்சம்

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். கைத்துணியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே கேட்டான்.

"அப்போ யாரைத்தான் கேட்கிறது மாஸ்டர்?"

தேர்வான 16 பேரின் பழைய சண்டைகளை அவன் கைப்பேசியிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சிரித்தவனையும் பார்த்தோம். இடது கை நன்றாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு வீடியோவில் நிறுத்தினேன். முப்பதை ஒட்டிய வயது, கிள்ளானில் லாரி ஓட்டுகிறவர், தேர்வு நாளில் எல்லோருக்கும் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொடுத்தவராம்.

"ஐயோ மாஸ்டர், அவர் ரொம்ப நல்ல அண்ணன்."

"நல்லவர்தான். மூணாவது ரவுண்டைப் பாரு."

மறுபடி ஓட்டினான். மூன்றாவது ரவுண்டு, இரண்டாவது நிமிடம். ஜாப் போட்டுவிட்டுக் கையை மார்பு வரைக்கும் இறக்கியே திரும்பக் கொண்டுவருகிறார். ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. தம்பி ஒன்றும் பேசவில்லை. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, சுருட்டிய துணியை மறுபடி பிரித்துக் கையில் சுற்ற ஆரம்பித்தான்.