நாள்பட்ட சைனஸ் தொற்றில் கிருமி மாதிரி எடுக்கும் முறை

சைனஸ் அழற்சி 12 வாரங்களைக் கடந்தும் நீடித்து, கொடுத்த ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்காதபோது கல்ச்சர் பரிசோதனை (மாதிரியிலுள்ள கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்த்து இனங்காண்பது) பெரிதும் கைகொடுக்கும். ஆனால் மூக்குத் துவாரத்தில் குருட்டாம்போக்கில் ஸ்வாப் என்னும் பஞ்சுமுனைக் குச்சியைச் சுழற்றி எடுத்த மாதிரியை அனுப்பவே கூடாது. நலமாக இருப்பவர்களிலும் 20 முதல் 30 சதவீதத்தினரின் மூக்கு முகப்பில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா குடியிருப்பதால், தட்டில் வளர்ந்தது சைனஸிலிருந்து வந்ததா, வாசலிலேயே ஒட்டியதா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும்.

நோயாளியின் நிலை இடம்கொடுத்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மாதிரி எடுங்கள். மூக்கை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைனுக்கும் கிருமிகளை ஒடுக்கும் தன்மை உண்டு என்பதால், அதை அளவோடு பயன்படுத்துங்கள். மாதிரி எடுக்கும் இடத்தில் அது தேங்கி நிற்கக் கூடாது. எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் குழாயின் துணையுடன் நடு டர்பினேட்டுக்கு (மூக்கின் பக்கச்சுவரிலுள்ள எலும்பு மடிப்புக்கு) அடியிலுள்ள இடுக்கைப் பாருங்கள். சீழ் இழையாக வழிந்து இறங்குவது தெரியும். மெல்லிய ஸ்வாப்பை மூக்கு முடிகளிலும் நடுச்சுவரிலும் படாமல் கொண்டுசென்று, சீழில் சில நொடிகள் ஊறவிட்டு, அதே கவனத்துடன் வெளியே எடுங்கள். உள்ளே போகும்போது காட்டிய கவனம் வெளியே எடுக்கும்போது தளர்ந்தால் மாதிரி கெட்டுவிடும். சீழ் போதுமான அளவு இருந்தால் ஸ்வாப்பைவிட உறிஞ்சுகுழாய் வழியே சேகரிப்பு குப்பியில் பிடிப்பதே மேல்.

கன்னச் சைனஸைத் துளைத்து உறிஞ்சுவதே நெடுங்காலமாக உரைகல்லாகக் கருதப்பட்டு வருகிறது. ஆயினும் அதில் வலியும் இரத்தக்கசிவும் உள்ளதால், எண்டோஸ்கோப் வழியே சீழ் கிடைக்கும்போது அதை முதல் தேர்வாக்க வேண்டியதில்லை.

ஒரு பக்கத்தில் மட்டும் நாற்றமடிக்கும் சீழ் வந்தால், மேல் கடைவாய்ப் பல்லின் வேரிலிருந்து தொற்று ஏறியிருக்கக்கூடும் என்று எண்ணி, ஆக்சிஜன் இல்லாமல் வளரும் கிருமிகளுக்கான கல்ச்சரையும் கேட்டு எழுதுங்கள். அதற்கு உறிஞ்சிய சீழே தேவை. சிரிஞ்சிலுள்ள காற்றை வெளியேற்றி, அதற்குரிய போக்குவரத்துக் குப்பிக்கு மாற்றி, குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல் உடனே அனுப்புங்கள்.

சளிச்சவ்வில் படலமாக ஒட்டி வாழும் கிருமிகள் ஸ்வாப்பில் சிக்காமல் போகலாம். அறுவை சிகிச்சை நடந்தால் சிறு திசுத் துண்டொன்றைக் கிருமிநீக்கிய உப்புநீரில் இட்டு அனுப்புங்கள். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் இட்டால் கிருமிகள் மடிந்துவிடும்.

படிவத்தில் எந்தப் பக்கம், எந்த இடம், அண்மையில் எடுத்த மருந்து எது என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். மாதிரிக்கு நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் கிராம் சாயப் பரிசோதனையையும் கேளுங்கள். வெள்ளணுக்கள் குறைந்து தட்டைச் செல்கள் மிகுந்திருந்தால் அது முகப்பில் பட்ட மாதிரியாக இருக்கலாம். மரபணு வரிசைப் பரிசோதனை இறந்த கிருமிகளையும் சேர்த்துக் காட்டும். எந்த மருந்து வேலை செய்யும் என்பதற்கு இன்றும் கல்ச்சரையே நம்ப வேண்டியுள்ளது.