அடுப்பில்லாமல் கோசம்பரி: எல்.கே.ஜி. வகுப்பில் முதல் சமையல்

பெங்களூரு அல்சூரில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். இரண்டிலிருந்து ஆறு வயது வரை, பழகாத உணவைக் கண்டால் பின்வாங்குவது பெரும்பாலான குழந்தைகளின் இயல்பு. மிரட்டியும் கெஞ்சியும் ஊட்டினால் பிடிவாதம்தான் வளரும். காய் முதலில் கைக்குப் பழகட்டும், வாய்க்கு அப்புறம் போகட்டும் என்பதுதான் என் வழி.

முதல்முறை வகுப்பில் சமைக்க நினைப்பவர்களுக்குக் கோசம்பரியைத்தான் சொல்வேன். ராமநவமிக்குப் பானகத்தோடு கொடுப்பார்களே, நம் வீடுகளில் வடைப்பருப்பு என்பார்களே, அதுதான். ஊறவைத்த பாசிப்பருப்போடு பச்சைக் காய்களைக் கலந்து செய்வது, அடுப்பே வேண்டாம்.

20 குழந்தைகளுக்குப் பாசிப்பருப்பு ஒரு டம்ளர், வெள்ளரிக்காய் 2, கேரட் 2, எலுமிச்சம்பழம் 2, தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி, கொத்தமல்லி ஒரு சின்னக் கட்டு, உப்பு. ஆளுக்கு இரண்டு ஸ்பூன் வந்தால் போதும்.

1. முந்தின நாளே பெற்றோருக்குச் சீட்டு அனுப்புங்கள். என்னென்ன சேர்க்கப் போகிறோம், குழந்தைக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்று கேளுங்கள். பதில் வராத வீட்டுக்கு போன் செய்துவிடுங்கள். இதை மட்டும் எந்த அவசரத்திலும் விடக்கூடாது.

2. காலையில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவியதும், பருப்பை மூன்று நான்கு தண்ணீரில் கழுவி, குடிதண்ணீரில் ஊறவையுங்கள். ஒரு கைப்பிடியை ஊறவைக்காமல் தனியே எடுத்து வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு உள்ளங்கையில் ஊறாத பருப்பும் இன்னொன்றில் ஊறிய பருப்பும் கொடுங்கள். நகத்தால் கிள்ளச் சொல்லுங்கள். ஒன்று உடையாது, இன்னொன்று பட்டென்று இரண்டாகும். "மிஸ், இது குண்டாயிடுச்சு!" என்று கத்துவார்கள். என் வகுப்பில் கன்னடக் குழந்தைகளும் உண்டு. அவர்கள் "ஹெசரு பேளே" என்பார்கள், நம் பிள்ளைகள் பாசிப்பருப்பு என்பார்கள், கொஞ்ச நேரத்தில் எல்லோரும் இரண்டையும் சொல்வார்கள். இந்தக் கட்டத்தை அவசரப்படுத்தாதீர்கள். பொங்கலிலும் சாம்பாரிலும் குழைந்து போயிருந்த பருப்பை அவர்கள் இப்போதுதான் நேரில் பார்க்கிறார்கள்.

3. வெள்ளரியையும் கேரட்டையும் குழந்தைகளே கழுவட்டும், முகர்ந்து பார்க்கட்டும். நறுக்குவதும் துருவுவதும் உங்கள் வேலை. பச்சைக் கேரட்டைத் துண்டாகக் கொடுக்கவே கூடாது, சின்னக் குழந்தைகளுக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மெல்லியதாகத் துருவுங்கள். வெள்ளரியை நீங்கள் முதலில் ஒரு துண்டு தின்று பாருங்கள். கசந்தால் தூக்கிப் போடுங்கள். முதல் வாயே கசந்துவிட்டால் அந்தக் குழந்தையை மறுபடி வெள்ளரி பக்கம் கொண்டுவர ரொம்ப நாளாகும்.

4. ஐந்தைந்து பேராக உட்காரவைத்து வேலையைப் பிரியுங்கள். ஒரு குழு கொத்தமல்லி இலையைக் கிள்ளட்டும். இன்னொன்று எலுமிச்சையைத் தரையில் உருட்டி மெத்தென்று ஆக்கட்டும், நீங்கள் கழுவி நறுக்கிக் கொடுத்தால் அவர்களே பிழிவார்கள், விதையை வடிகட்டிவிடுங்கள். வடித்த பருப்போடு காயும் தேங்காயும் கலப்பது மற்ற இரண்டு குழுக்களுக்கு.

5. உப்பைக் கடைசியில் போடுங்கள். முன்னாலேயே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டு எல்லாம் நசநசத்துவிடும். தாளிப்பு வேண்டாம்.

6. பரிமாறும்போது "சாப்பிட்டுத்தான் ஆகணும்" என்ற பேச்சே வரக்கூடாது. நாக்கில் தொட்டுப் பார்த்தால் போதும், பிடிக்காவிட்டால் துப்ப ஒரு காகிதத் துண்டு பக்கத்தில் இருக்கட்டும். "குட் கேர்ள்" பாராட்டும் சாக்லேட் பரிசும் வேண்டாம். நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், அது போதும்.

ஒரு நாளில் எதுவும் மாறாது. ஒரு புது உணவு பிடித்துப்போக எட்டு, பத்து தடவை, சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும் ஆகும். அதனால் மறுவாரமும் இதையே செய்யுங்கள். போன வருஷம் ஒரு பெண் குழந்தை மூன்று வாரம் கொத்தமல்லி மட்டும் கிள்ளிக் கொடுத்தாள், வாயில் எதுவும் வைக்கவில்லை. நான்காவது வாரம் கேரட் துருவலை மட்டும் பொறுக்கித் தின்றாள். பருப்பு அப்படியே கிண்ணத்தில் இருந்தது. எனக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம்.

கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், வீட்டுக்குக் கட்டிக் கொடுக்காதீர்கள். ஊறிய பருப்பு சீக்கிரம் கெடும். அதற்குப் பதில் செய்முறையைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். அதன் அடியில் நான் எப்போதும் ஒரு வரி சேர்ப்பேன்: "ஸ்கூல்ல சாப்பிட்டியே, இங்க ஏன் மாட்டேங்கறே என்று தயவுசெய்து கேட்காதீர்கள், கொத்தமல்லியைக் கையில் கொடுத்துக் கிள்ளச் சொல்லுங்கள்."