பிரிட்டனின் பழைய நீராவி ரயில்களைக் காரில் சுற்றிப் பார்க்கத் திட்டமிடுவது எப்படி?

கோடை விடுமுறை நெருங்கினால் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "நீராவி ரயில்கள் நாலஞ்சு பார்க்கணும், காரில் போகிறோம், எங்கிருந்து ஆரம்பிப்பது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று இந்தப் பதிவு. விசா, விமானம், தங்குமிடம் எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக ரயிலுக்கு வருகிறேன்.

எல்லோரும் வரைபடத்தைத் திறந்து, ஊர்களைக் குறித்து, கோடு இழுத்துவிட்டு, கடைசியில்தான் ரயில் நேரம் பார்க்கிறார்கள். அதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் ரயில் ஓடும் நாள், அடுத்து ஊர், அப்புறம்தான் சாலை.

காரணம் இருக்கிறது. நட்டத்தில் ஓடும் பாதைகளை மூடச் சொல்லி 1963இல் வந்த பீச்சிங் அறிக்கைக்குப் பிறகு பிரிட்டனில் ஏராளமான கிளைப் பாதைகள் மூடப்பட்டன. 1968 ஆகஸ்டில் தேசிய ரயில்வே தன் முதன்மைப் பாதைகளில் நீராவியை நிறுத்தியது. மூடிய பாதைகளையும் கழித்துப் போட்ட என்ஜின்களையும் வாங்கிக் காப்பாற்றியவர்கள் ரயில் மீது பிரியம் கொண்ட சாதாரண மக்கள். இன்றும் சிக்னல் பெட்டியில் நிற்பவர், டிக்கெட் பார்ப்பவர், என்ஜினில் கரி அள்ளிப் போடுபவர் என்று பலரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்களுக்கும் வேலை, வீடு, பிள்ளைகள் உண்டு. அதனால்தான் இந்த ரயில்கள் தினமும் ஓடுவதில்லை.

படி 1: ஒரே ஒரு பகுதியைப் பிடியுங்கள்

நாடு முழுக்க இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பாதைகள் இருக்கின்றன. ஒரு வாரத்தில் தெற்கையும் ஸ்காட்லாந்தையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் பாதி நாள் நெடுஞ்சாலையிலேயே போய்விடும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது வேல்ஸ். சிலேட்டுக் கல் சுமக்கப் போட்ட, தண்டவாள அகலம் குறைந்த குறுகிய பாதைகள் (நேரோ கேஜ்) அங்கே ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. பெரிய என்ஜின், வழக்கமான அகலமுள்ள பாதை, முழு நீள வண்டி என்று ஆசைப்படுபவர்கள் யார்க்‌ஷயர் பக்கம் போகலாம். அங்கே வடக்கு யார்க்‌ஷயர் மூர்ஸ் ரயிலும், கீத்லி அண்ட் வொர்த் வேலி ரயிலும், யார்க் நகரத்தின் தேசிய ரயில்வே அருங்காட்சியகமும் உண்டு. 1938இல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி வேகச் சாதனை படைத்த மல்லார்ட் என்ஜின் அந்த அருங்காட்சியகத்தில்தான் நிற்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

படி 2: வண்ண நாட்காட்டியைப் படிப்பது

பலரும் தடுமாறும் இடம் இது. எனக்கும் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. நிதானமாகவே சொல்கிறேன்.

ரயிலின் இணையதளத்தில் கால அட்டவணைப் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு மாத நாட்காட்டி வரும். தேதிக் கட்டங்களில் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று வண்ணங்கள் இருக்கும். வண்ணமே இல்லாத கட்டம் என்றால் அன்று வண்டி இல்லை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் கீழே தனி அட்டவணை இருக்கும். பச்சை நாளில் மூன்று வண்டி, மஞ்சள் நாளில் ஐந்து வண்டி என்பது போல. இந்த வண்ணங்களுக்குப் பொதுவான அர்த்தம் கிடையாது. ஒரு ரயிலில் பச்சை என்றால் சாதாரண நாள், பக்கத்து ரயிலில் அதே பச்சை சிறப்பு விழா நாளாக இருக்கலாம்.

வண்ணத்தைக் கண்டுபிடித்த பிறகு அட்டவணைக்குள் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, அந்த வண்டி நீராவியா டீசலா. பல இடங்களில் ஒரே நாளில் இரண்டும் ஓடும், வண்டி நேரத்துக்கு மேலே ஒரு எழுத்தோ சின்னப் படமோ போட்டிருப்பார்கள். இரண்டாவது, நீங்கள் ஏறும் வண்டி போய்ச் சேர்ந்த பிறகு திரும்பி வர வண்டி உண்டா. மாலைக் கடைசி வண்டி சில சமயம் ஒருவழிப் பயணமாகவே முடிந்துவிடும், உங்கள் கார் மறுமுனையில் நிற்கும். மூன்றாவது, வண்டி முழுத் தூரமும் போகிறதா, பாதியில் திரும்புகிறதா.

இதையெல்லாம் ஒரு எளிய விரிதாளில் போடுங்கள். இடப்பக்கம் தேதிகள், மேலே ரயில்களின் பெயர்கள், ஓடும் நாளுக்கு ஒரு குறி, அவ்வளவுதான். பயணத் திட்டச் செயலிகளை இதற்கு நம்பாதீர்கள். நிலையத்தின் காபிக் கடை மட்டும் திறந்திருந்தாலும் 'திறந்துள்ளது' என்றுதான் வரைபடச் செயலி காட்டும், வண்டி ஓடுமா என்பது அதற்குத் தெரியாது. தாள் நிரம்பியதும், எந்த ரயிலுக்குக் குறி குறைவாக இருக்கிறதோ அதை முதலில் நிலைநிறுத்துங்கள். தினமும் ஓடும் ரயில்களை மிச்ச நாட்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

பெரும்பாலான பாதைகளுக்கு முழுப் பருவம் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை. ஜனவரி, பிப்ரவரியில் பல இடங்களில் பராமரிப்பு வேலைதான் நடக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வெளியூர் என்ஜின்களை வரவழைத்து விழா நடத்துவார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு விழா நாள் வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டத்தில் ஜன்னல் ஓரம் கிடைக்காது. சாதாரண வார நாளில் போனால் டிரைவரிடமே நின்று பேசலாம்.

முந்தைய இரவு இணையதளத்தை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். மழை இல்லாமல் வறண்ட கோடையில், புகைபோக்கியிலிருந்து பறக்கும் பொறி பாதையோரப் புல்லில் விழுந்து தீப்பிடிக்கும் என்பதால் நீராவியை நிறுத்திவிட்டு டீசல் ஓட்டுவார்கள். பாதையே அறுந்துபோவதும் உண்டு. 2025 ஜனவரியில் செவர்ன் வேலி ரயிலில் பிரிட்ஜ்நார்த் அருகே மண் சரிந்து, பாதை துண்டானது.

படி 3: காரை எந்த முனையில் நிறுத்துவது?

ரயில் ஒரு கோடு, போன இடத்திலிருந்து காரிடம் திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே நிறுத்த வசதியுள்ள முனையிலிருந்து தொடங்குங்கள். தெற்கே புளூபெல் ரயில் என்றால் காரில் வருபவர்கள் ஷெஃபீல்ட் பார்க் நிலையத்துக்குப் போக வேண்டும். மறுமுனையான ஈஸ்ட் கிரின்ஸ்டெட், லண்டனிலிருந்து ரயிலில் வருபவர்களுக்குத் தோதானது. ஸ்வானேஜ் ரயிலுக்கு நார்டனில் காரை விட்டுவிட்டு ஏறினால், இடிந்த கார்ஃப் கோட்டையைப் பார்த்தபடியே கடற்கரைக்குப் போய்ச் சேரலாம். வடக்கு யார்க்‌ஷயர் மூர்ஸ் ரயிலுக்கு பிக்கரிங் நல்லது. கோடையில் மறுமுனையான விட்பியில் கார் நிறுத்த இடம் தேடுவது பெரும் பாடு.

படி 4: டிக்கெட்

நாள் உறுதியானதும் இணையத்தில் எடுத்துவிடுங்கள். 'நாள் முழுக்க ஏறி இறங்கலாம்' என்ற வகை டிக்கெட் இருந்தால் அதுவே நல்லது, இடை நிலையங்கள்தான் பல சமயம் அழகு. டிக்கெட் எடுக்கும்போது 'கிஃப்ட் எய்ட்' என்று ஒரு கட்டம் வரும். அது பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர்களுக்கானது. நீங்கள் அங்கே வரி கட்டுபவர் என்றால் தயவுசெய்து டிக் செய்யுங்கள், அந்த ரயிலுக்கு அரசிடமிருந்து கூடுதல் பணம் கிடைக்கும். சுற்றுலா வந்தவர்கள் விட்டுவிடலாம்.

படி 5: சாலை

நம் ஊர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். சுற்றுலா வருபவர்கள் தங்கள் நாட்டு லைசென்ஸிலேயே 12 மாதம் வரை கார் ஓட்டலாம். வாடகைக் கார் நிறுவனம் சர்வதேச அனுமதியும் கேட்கலாம், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். வேகமெல்லாம் மைலில். வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து ஊருக்குள் பெரும்பாலான தெருக்களில் 20 மைல்தான். மலைப் பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் போய்விடும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். நான் ஒரு காகிதச் சாலை வரைபடப் புத்தகமும் காரில் வைத்திருப்பேன். வளைந்து போகும் பாதையை முழுதாக ஒரே பார்வையில் பார்க்க அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

ஒரு மாதிரித் திட்டம்: வேல்ஸ், ஐந்து நாள்

முதல் நாள் இங்கிலாந்துப் பக்கமே. செவர்ன் வேலி ரயில், கிடர்மின்ஸ்டரிலிருந்து பிரிட்ஜ்நார்த் வரை செவர்ன் ஆற்றோடு போகும் 16 மைல் நீளப் பாதை, வழக்கமான அகலம். ஆர்லி அருகே வார்ப்பிரும்பு விக்டோரியா பாலத்தில் வண்டி ஆற்றைக் கடக்கும்.

இரண்டாம் நாள் மேற்கே டவின். இங்குள்ள தலிலின் ரயில்தான் உலகிலேயே முதன்முதலில் தன்னார்வலர்கள் எடுத்து நடத்திய பாதை, 1951இல் தொடங்கினார்கள். ஏறும்போது பெட்டிகளைக் கவனியுங்கள், கதவு ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். 1860களில் பாதை போட்டபோது மேலே செல்லும் பாலங்களின் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே போதிய இடைவெளி இல்லை என்று ஆய்வதிகாரி கண்டுபிடித்தார். அதற்காகத் தண்டவாளத்தைச் சற்று ஒருபுறம் தள்ளிப் போட்டு, நெருக்கமான பக்கத்தில் கதவே இல்லாமல் செய்துவிட்டார்கள். நடைமேடைகளும் ஒரே பக்கம்தான். திரும்பும் வழியில் டோல்கோக்கில் இறங்கி அருவி வரை நடந்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடியுங்கள்.

டவினிலிருந்து போர்த்மாடாக் போகும்போது ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் பார்மத் ஊர் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் எட்டிவிடும் தூரத்தில் தெரியும். ஆனால் அங்கிருக்கும் நீண்ட பாலத்தில் ரயில் போகலாம், ஆள் நடக்கலாம், கார் போக முடியாது. டோல்கெத்லை பக்கம் சுற்றித்தான் போக வேண்டும். அதற்கான நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் போர்த்மாடாக்கிலிருந்து ஃபெஸ்டினியோக் ரயில். 1836இல் திறந்தது, பதின்மூன்றரை மைல். அந்தக் காலத்தில் சிலேட் ஏற்றிய வண்டிகள் என்ஜின் இல்லாமல் சரிவிலேயே துறைமுகம் வரை உருண்டு இறங்கும். காலி வண்டிகளை மேலே இழுக்க வேண்டிய குதிரைகளும் அதே வண்டித் தொடரில் தங்களுக்கான பெட்டியில் நின்றபடி கீழே வரும். இன்று இங்கே பார்க்க வேண்டியது இரண்டு முனையிலும் புகைபோக்கி வைத்த டபுள் ஃபேர்லி என்ஜின். மேலே தியால்ட் அருகே பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தன் மேலேயே ஏறிப் போகும். பழைய பாதையின் ஒரு பகுதி மின்திட்ட நீர்த்தேக்கத்துக்குப் போய்விட்டதால், தன்னார்வலர்கள் மலையை வெட்டி இந்தப் புதுப் பாதையைப் போட்டார்கள். அந்த இடம் வரும்போது பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பாருங்கள்.

நான்காம் நாள் வெல்ஷ் ஹைலேண்ட் ரயில், கார்னார்வனிலிருந்து போர்த்மாடாக் வரை 25 மைல். போய்வர ஒரு நாள் முழுக்க ஆகும், அன்று வேறு எதுவும் வைக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஓடிவிட்டு வந்த காரட் (Garratt) வகை என்ஜின்கள் இழுக்கும். போர்த்மாடாக் ஊருக்குள் சாலைப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு ரயில் சாலை மேலேயே வரும்.

ஐந்தாம் நாள் லான்பெரிஸிலிருந்து ஸ்னோடன் மலை ரயில். 1896இல் திறந்த பல்சக்கரப் பாதை, என்ஜினின் பல்சக்கரம் நடுவிலுள்ள பல்தண்டவாளத்தைப் பிடித்து ஏறும். ஊட்டி மலை ரயிலில் போனவர்களுக்கு இது சொந்தக்கார வீடு மாதிரி. இரண்டிலும் ஆப்ட் முறைப் பல்தண்டவாளம்தான், இரண்டுக்கும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை என்ஜின் செய்து கொடுத்திருக்கிறது. நீராவி வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் டிக்கெட் தனித்தனி, பார்த்து எடுங்கள். காற்று பலமாக இருந்தால் உச்சி வரை போகாமல் இடையிலேயே திரும்பிவிடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போனவர்கள் சொன்ன சிக்கல்கள் சில. போர்த்மாடாக்கில் 'வெல்ஷ் ஹைலேண்ட்' என்ற பெயரில் இரண்டு ரயில்கள் உண்டு. 25 மைல் ஓடும் ரயில் துறைமுக நிலையத்திலிருந்து கிளம்பும். தேசிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது 'ஹெரிடேஜ்' என்ற சொல்லும் சேர்ந்த வேறொரு சிறிய ரயில். குழந்தைகளுக்கு அதுவும் பிடிக்கும், ஆனால் முன்பதிவு செய்த டிக்கெட்டோடு அங்கே போய் நின்றால் நேரம் வீணாகும்.

சக்கர நாற்காலி கொண்டுபோகிறவர்கள் போனில் பேசி இடம் பதிந்துகொள்ளுங்கள். குறுகிய பாதைப் பெட்டிகளில் அதற்கான இடம் கொஞ்சம்தான். சைவம் சாப்பிடுபவர்களுக்கு நிலையக் கடைகளில் சீஸ் சாண்ட்விச், வேகவைத்த உருளைக்கிழங்கு கிடைக்கும். மாலையில் கடைகளைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள், கையில் ஏதாவது வைத்திருங்கள்.

ஹாரி பாட்டர் படங்களில் வரும் கிளென்ஃபினன் பாலத்தில் ஓடும் ஜேக்கபைட் ரயிலை இந்தப் பயணத்தில் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது ஸ்காட்லாந்தின் மேற்குக் கோடியில், ஃபோர்ட் வில்லியமிலிருந்து தேசிய ரயில் பாதையில் ஓடுகிறது. கோடைக்கான டிக்கெட் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். அதற்குத் தனியாக ஒரு ஸ்காட்லாந்துப் பயணம் போடுங்கள். ஜேக்கபைட் டிக்கெட்டை முதலில் எடுத்து, அவிமோரில் ஓடும் ஸ்ட்ராத்ஸ்பே ரயிலை அதற்கு முந்தைய நாளோ மறுநாளோ வைத்துக்கொள்ளுங்கள்.