வேலை கிடைக்காமல் தடுத்தது பிஎஃப் கணக்கில் இருந்த ஒரு காலி இடம்

ஆறு வருடம் ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த தனியார் மருத்துவமனையில் என்னை நீக்கிவிட்டார்கள். அப்புறம் மூன்று இடங்களில் இன்டர்வியூ நன்றாகவே முடிந்தது, ஆனால் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் நம்பர் கொடுத்ததும் ஹெச்ஆரிடமிருந்து பேச்சே இல்லை. நீக்கப்பட்டதுதான் காரணம் என்று நினைத்து ரெஸ்யூமை மாற்றினேன், நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பித்தேன், ரிலீவிங் லெட்டருக்காகப் பழைய இடத்துக்கு நான்கு முறை அலைந்தேன். ஒன்றும் நகரவில்லை.

நான்காவது இடத்தில் ஒரு அக்காதான், "நீங்க இன்னும் அங்கேதானேம்மா வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். பிஎஃப் தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்தால், வெளியேறிய தேதி இருக்க வேண்டிய இடம் காலி!

அதை நாமே போடலாம். மேனேஜ் பகுதியில் மார்க் எக்ஸிட், ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு வரும் ஓடிபி, அவ்வளவுதான். ஆனால் நிர்வாகம் கடைசியாக பிஎஃப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், தேதியும் அந்தக் கடைசி மாதத்துக்குள்தான் இருக்க வேண்டும். நான் முதலில் நீக்கிய நாளையே போட்டுப் பார்த்தேன். அது அடுத்த மாதம் 2ஆம் தேதி, ஏற்கவில்லை. போட்டபின் அங்கேயே திருத்த முடியாது, நிதானமாகப் பாருங்கள்.

ரிலீவிங் லெட்டருக்குப் பதிலாக சம்பள ரசீதும் பிஎஃப் பாஸ்புக்கும் கொடுத்தேன். நீக்கப்பட்டதையும் மறைக்காமல் சொன்னேன். அதே வாரம் சேர்த்துக்கொண்டார்கள்.